சாய்வுத் தலையணை: உணவுக்குழாய் அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறு மாதப் பயன்பாடு

என் தந்தையார் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது, மருந்துச் சீட்டின் அடியில் 'சாய்வுத் தலையணை' (தலைப்பக்கம் உயர்ந்து கீழே சரியும் ஆப்பு வடிவத் தலையணை) என்று ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. அதை அன்று நான் அலட்சியமாகவே எடுத்துக்கொண்டேன்.

இந்த அறுவையில் உணவுக்குழாயின் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, இரைப்பையையே குழாய்போல ஆக்கி மார்புக்குள் மேலேற்றிப் பொருத்துகிறார்கள். இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பும் அப்போது அறுபடுவதால் இரைப்பை மந்தமாகி, அதன் கீழ்வாயான பைலோரஸ் சரிவரத் திறக்காமல் உண்டது அங்கேயே தேங்கிவிடுகிறது. மேலேறாமல் தடுத்துவந்த வால்வும் இல்லாததால், மல்லாந்து படுத்தால் தேங்கியது தொண்டைக்கு வந்து, மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரை கொண்டுபோய்விடலாம்.

முதலில் வாங்கியது 24 அங்குல நீளமும் 7 அங்குல உயரமும் உடையது. சாய்வு ஏறத்தாழ 16 டிகிரிதான். நள்ளிரவில் அப்பா புளித்த நீரைத் துப்பிக்கொண்டு எழுந்து உட்கார்வது நிற்கவில்லை. அதே நீளத்தில் 12 அங்குல உயரமுள்ளதை 1,850 ரூபாய்க்கு வாங்கிய பிறகே (சாய்வு சுமார் 27 டிகிரி) இருமலின்றி விடியும் இரவுகள் வந்தன. சாதாரணத் தலையணைகளை அடுக்கினால் உடல் இடுப்பில் மடிந்து வயிறு அழுந்துகிறது. இதில் முதுகு முழுவதும் ஒரே சரிவில் கிடக்கிறது.

குறைகளும் உண்டு. ரெக்சின் உறை வியர்க்க வைத்ததால் பழைய வேட்டியைச் சுற்றினோம். உடல் கீழே சறுக்காதிருக்க முழங்காலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைக்க வேண்டியிருந்தது. ஸ்பாஞ்சின் நாற்றம் போக இரண்டு நாள் மொட்டைமாடி நிழலில் காயவைத்தோம். இப்போது நடுவில் சற்றுக் குழிந்திருக்கிறது.

ஆனால், இது இரைப்பையைக் காலி செய்யும் கருவி அன்று. விற்பவரின் விளம்பரம்தான் காலி செய்யும் என்கிறது. அதற்கு உதவியவை வேறு: ஒரு வேளைக்கு ஒன்றரை இட்லி என ஆறு வேளையாகப் பிரித்தது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்தே தண்ணீர் குடித்தது, இரவுணவை ஏழு மணிக்குள் முடித்துப் பத்து மணிக்குப் படுத்தது. இரைப்பையின் அசைவைத் தூண்டும் மெட்டோகுளோப்ரமைடு மாத்திரையைப் பக்கவிளைவு கருதிச் சில நாட்களுக்கு மட்டுமே தந்தார்கள். உண்டது தேங்குவதால் வந்த கனம் குறையாதபோது எண்டோஸ்கோப்பி வழியாகப் பலூனால் பைலோரஸை விரித்தார்கள். அதன் பிறகுதான் அவர் இரண்டாவது இட்லியை முழுதாகக் கேட்டு வாங்கினார்.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். வாங்குவோர் மென்மையைப் பார்க்காமல் உயரத்தை அளந்து வாங்கவும்.