வாய் அகன்ற லென்ஸா, கை நீண்ட லென்ஸா: விளையாட்டுப் புகைப்படத்துக்கு எது?

விளையாட்டுப் புகைப்படம் எடுக்க என்ன கேமரா வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விகள். ஆட்டம் உள்ளரங்கிலா, வெயிலிலா? நீங்கள் நிற்கப்போகும் இடத்திலிருந்து ஆட்டக்காரர் எத்தனை மீட்டர் தள்ளி இருப்பார்? இதற்குப் பதில் தெரிந்தால் லென்ஸ் தானாகவே முடிவாகிவிடும். பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.

உண்மையான போட்டி இரண்டு வகை லென்ஸ்களுக்கு இடையில்தான். எம்.எம். எண் கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்; எஃப் எண் குறைந்தால் திறப்பு அகன்று வெளிச்சம் அதிகம் வரும். ஒரு பக்கம் 70-200 எம்.எம். எஃப் 2.8. மறுபக்கம் 600 எம்.எம். வரை போகும் எஃப் 6.3 ஜூம்கள்: சோனியின் 200-600, நிக்கானின் 180-600, சிக்மா, டாம்ரானின் 150-600.

முதலில் தூரம். ஃபுல் ஃப்ரேம் (36x24 மி.மீ. சென்சார்) கேமராவைப் படுக்கவாட்டில் பிடித்தால், 200 எம்.எம்.-இல் 15 மீட்டர் தள்ளி நிற்கும் ஆறடி ஆள் ஃப்ரேமை உச்சி முதல் பாதம் வரை நிரப்புவார். 400-இல் அது 30 மீட்டர், 600-இல் 45 மீட்டர். பேட்மிண்டன் கோர்ட்டின் நீளமே 13.4 மீட்டர்தான், அங்கே 200 தாராளம். கால்பந்து மைதானம் 120 மீட்டர் வரை நீளும். 200-ஐ வைத்துக்கொண்டு கோல் கம்பத்தின் அருகே உட்கார்ந்தால், அந்தப் பக்கத்து பெனால்டி பகுதியில் நடப்பது மட்டுமே உங்களுக்கு. கிரிக்கெட் இன்னும் மோசம். எல்லைக் கோட்டுக்கு வெளியிலிருந்து 70 மீட்டர் தள்ளி நிற்கும் பேட்ஸ்மேன் 200-இல் ஃப்ரேம் உயரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் நிறைவார். 600-இல் மூன்றில் இரண்டு பங்கு நிற்பார்.

அடுத்தது வெளிச்சம். தூரத்தில் தோற்ற 70-200 இங்கேதான் ஜெயிக்கிறது. சுமாரான வெளிச்சம் உள்ள ஓர் உள்ளரங்கில் எஃப் 2.8, ஷட்டர் 1/1000 விநாடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200 என்று எடுக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தை எஃப் 6.3-இல் பிடிக்க ஐஎஸ்ஓ 16000 வேண்டும். ஐஎஸ்ஓவை ஏற்றாவிட்டால் ஷட்டர் 1/200-க்கு இறங்கும். எஃப் 5.6 ஜூம் ஒன்றோடு பேட்மிண்டன் எடுக்கப் போன முதல் மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 3200-ஐத் தாண்ட மனமில்லாமல் 1/250-இல் எடுத்தேன். எகிறி ஸ்மாஷ் அடிக்கும் பெண்ணின் கண்ணும் கடித்த உதடும் அவ்வளவு தெளிவு. முழங்கைக்கு மேலே கை புகையாகக் கரைந்திருந்தது; ராக்கெட் இருந்த சுவடே இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் ஒன்றில்கூட ஷட்டில் பட்ட கணம் கிடைக்கவில்லை. பாடியை மாற்றியிருந்தாலும் கதை பெரிதாக மாறியிருக்காது.

நல்ல வெயிலிலோ இந்தச் சிக்கலே இல்லை. எஃப் 6.3-இல் 1/2000 வைத்தாலும் ஐஎஸ்ஓ 400 போதும். பின்னணி மங்காது என்ற பயமும் பாதிதான் சரி. ஒரே இடத்தில் நின்று எடுக்கும்போது பின்னணி எவ்வளவு கரையும் என்பது லென்ஸ் திறப்பின் விட்டத்தைப் பொறுத்தது. 200-ஐ 2.8-ஆல் வகுத்தால் 71 மி.மீ.; 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மி.மீ. ஆகவே பகலில் வெளி மைதானம் என்றால் நான் யோசிக்காமல் 600-க்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஆட்டம் மாலை வரை நீண்டு விளக்குகள் எரியத் தொடங்கினால் மட்டும் அது திணறும்.

இரண்டையும் சேர்த்துத் தருவது 400 எஃப் 2.8. நிக்கானுடையதும் சோனியுடையதும் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு, மோனோபாட் (ஒற்றைக் கால் தாங்கி) இல்லாமல் ஒரு முழு ஆட்டம் கை தாங்காது. தொழிலாகச் செய்யாதவர்கள் அதை வாடகைக்கு எடுப்பதே முறை. கையில் குறைவாகப் பணம் வைத்திருப்பவருக்கு நான் மனதாரச் சொல்வது 85 எஃப் 1.8. எஃப் 2.8-ஐவிட இரண்டரை மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே உட்கார்ந்து எடுக்க இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை. ஜூம் இல்லாததால் இடத்தைத் தேர்ந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

இனி பாடி. ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய க்ராப் சென்சாரா, ஃபுல் ஃப்ரேமா என்ற சண்டைக்கும் அதே இரண்டு கேள்விகள்தான் பதில். க்ராப்பில் 200 எம்.எம். 300 போல நடந்துகொள்ளும், கேனானில் 320 போல. பகல் மைதானத்தில் அது லாபம். உள்ளரங்கில் சின்ன சென்சார் ஏறத்தாழ ஒரு ஸ்டாப் (ஐஎஸ்ஓவை இரட்டிப்பாக்கியது போல) அதிக நாய்ஸ், அதாவது படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் காட்டும், அங்கே ஃபுல் ஃப்ரேம்.

டிஎஸ்எல்ஆருக்குள் இருக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வந்தபின் கூடிய பெரிய வசதி, ஆட்டக்காரரின் கண்ணைக் கேமராவே பிடித்துக்கொண்டு தொடர்வது. அதற்காகப் பழைய டிஎஸ்எல்ஆரை ஒதுக்க வேண்டியதில்லை. 2016-இல் வந்த நிக்கான் டி500 விநாடிக்கு 10 படம் எடுக்கும், அதன் ஃபோகஸ் புள்ளிகள் ஃப்ரேமின் அகலம் முழுக்கப் பரவியிருக்கும். செகண்ட் ஹேண்டில் அதையும் ஒரு எஃப் 2.8 லென்ஸையும் வாங்குபவர், புது மிரர்லெஸ்ஸில் அதோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸை மாட்டியவரைவிட நல்ல படம் எடுப்பார். நான் சந்தேகமின்றிச் சொல்வேன்.

மிரர்லெஸ்ஸில் விநாடிக்கு எத்தனை படம் என்பதைவிட, சென்சாரை எவ்வளவு சீக்கிரம் படிக்கிறது என்பதைப் பாருங்கள். எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் வரிவரியாகப் படிக்கப்படும். அது மெதுவாக நடந்தால் வீசிய மட்டை வில்லாக வளைந்து விழும், எல்இடி விளக்கில் படத்தின் குறுக்கே பட்டைகள் வரும். கேனான் ஆர்7-இல் எலக்ட்ரானிக் ஷட்டர் 30 படம் என்கிறது. நான் அதன் மெக்கானிக்கல் 15-ஐத்தான் நம்புவேன். நிக்கான் இசட்9 படிக்கும் வேகத்தால் மெக்கானிக்கல் ஷட்டரையே விட்டுவிட்டது, இசட்8-இலும் அதே சென்சார். சோனி ஏ9 III மொத்த சென்சாரையும் ஒரே கணத்தில் படிக்கிறது, விநாடிக்கு 120 படம், வளைவு துளியும் இல்லை. அதற்குக் கொடுக்கும் விலை, அதன் அடிப்படை ஐஎஸ்ஓவே 250-இல் தொடங்குவதும், மங்கிய வெளிச்சத்தில் நாய்ஸ் சற்றுக் கூடுவதும்.

பழைய லென்ஸ்கள் கையில் இருப்பவர்கள் மவுண்டையும், அதாவது லென்ஸ் பாடியில் பொருந்தும் அமைப்பையும் பார்க்க வேண்டும். கேனானின் இஎஃப் லென்ஸ்கள் அடாப்டரில் ஆர் வரிசையில் நன்றாகவே ஓடும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில், உள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் தானாக ஃபோகஸ் ஆகும், மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் திருப்ப வேண்டும். சோனி பாடியில் சிக்மா, டாம்ரான் மாட்டினால் தொடர் ஃபோகஸோடு விநாடிக்கு 15 படத்துக்கு மேல் போகாது. 120-க்காக ஏ9 III எடுக்க நினைப்பவர் சோனி லென்ஸுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும்.