22,000 ரூபாய்க்கு ஃபுல் பாடி பெயிண்ட்: பழைய வண்டிக்காரர்கள் கொஞ்சம் நின்று படியுங்கள்

தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் பதினைந்து வருட வண்டியை வைத்துக்கொண்டு, ஆர்சி புதுப்பிக்கிற நேரத்தில் சும்மா ஒரு பெயிண்ட் அடித்துவிட்டால் என்ன என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பட்டறைப் பெயரைப் போடவில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒரு இடத்தைத் தவிர்த்துவிட்டு, அதே வேலையை அதே மாதிரி செய்கிற அடுத்த பட்டறையில் போய் நிற்பீர்கள். எப்படிச் செய்தார்கள் என்பது தெரிந்தால் எந்த ஊரிலும் உதவும்.

வண்டி 2009 வேகன் ஆர், சில்க்கி சில்வர். இஞ்சினில் ஒரு குறையும் கிடையாது. பாடிதான் பாவம். துறைமுகத்துப் பக்கம் வருடக்கணக்காக வெளியிலேயே நின்ற வண்டி, உப்புக்காற்று சும்மா விடுமா? வெயில் நேராக விழுகிற கூரையிலும் பானெட்டிலும் கிளியர் கோட் (நிறத்துக்கு மேலே அடிக்கிற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) செதில் செதிலாக உரிந்துவிட்டது, கதவுகளின் அடி ஓரத்தில் துருப்புள்ளிகள், பின்சக்கரத்துக்கு முன்னால் ரன்னிங் போர்டை விரலால் அழுத்தினால் மொறுமொறு என்று சத்தம். விற்றால் ஒரு லட்சம் தேறாது. 2024இல் ஆர்சி முடிவதாக இருந்தது. கார்களுக்குப் புதுப்பிக்கிற கட்டணமே 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது, பசுமை வரி அதற்கு மேலே. ஆர்டிஓ ஆபீஸுக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருக்கட்டுமே என்றுதான் பெயிண்ட் யோசனையே வந்தது.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேனலுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொன்ன தொகை வண்டி விலையில் பாதியைத் தாண்டியது. பூத் (தூசி புகாமல் மூடி வைத்துப் பெயிண்ட் அடிக்கிற அறை) வைத்திருக்கிற தனிப் பட்டறை ஒன்றில் 55,000 என்றார்கள், துரு வேலை தனி. அப்புறம்தான் நெல்லை பைபாஸ் ஓரத்தில், 22,000 ரூபாய்க்கு ஃபுல் பாடி பெயிண்ட் என்று அந்த பிளக்ஸ் போர்டு கண்ணில் பட்டது.

ஓனர் நன்றாகப் பேசினார். "அண்ணாச்சி, டூகே பெயிண்ட், டபுள் கிளியர், ஒரு வருஷம் கேரண்டி, மேல ஒரு பைசா வேண்டாம்." டப்பாவையும் எடுத்துக் காட்டினார், நல்ல கம்பெனி டப்பாதான். துருவைக் காட்டிக் கேட்டதற்கு, டிங்கரை (தகர வேலைக்காரரை) வைத்து அழுகின தகரத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வெல்டு வைத்துத் தருவதாகவும் அதற்கு மட்டும் 4,000 சேர்த்துக் கொடுத்துவிடச் சொல்லியும் பேசி முடித்தார். நடுவில், "சில்வர் மேட்ச் பண்றது கஷ்டம், பேசாம வெள்ளை அடிச்சிருங்களேன்" என்று ஒரு யோசனை. ஆர்சியில் சில்வர் என்று இருக்கிறது, நிறம் மாற்றினால் அதையும் ஆர்டிஓவில் மாற்றிப் பதிய வேண்டும், புதுப்பிக்கப் போகிற நேரத்தில் இது வேறயா என்று மறுத்துவிட்டேன். எஸ்டிமேட் கேட்டால் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அட்வான்ஸ் 15,000, ஜிபேயில்.

ஒரு வாரம் என்று சொன்ன வேலை இழுத்துக்கொண்டே போனது. எப்போது போன் போட்டாலும் "கிளியர் காயுது அண்ணாச்சி" என்பார். வண்டியைக் கொடுத்தது ராத்திரி ஏழு மணிக்கு மேல், ஷெட்டில் டியூப்லைட் வெளிச்சத்தில், மெழுகு பாலிஷ் போட்டுப் பளபள என்று. டியூப்லைட்டில் எந்த சில்வரும் அழகாகத்தான் இருக்கும். பெயிண்ட் வேலை முடிந்த வண்டியைக் காலை வெயிலில் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். எவ்வளவு கெஞ்சினாலும், "நாளைக்குக் கடை லீவு" என்றாலும்.

மறுநாள் வெயிலில் பார்த்தால் பானெட் ஒரு சில்வர், பம்பர் ஒரு சில்வர். கண்ணாடி பீடிங் எதையும் கழற்றவில்லை. சும்மா டேப் ஒட்டி அடித்திருக்கிறார்கள், ரப்பரின் ஓரம் பூராவும் சில்வர் தூசி. கதவைத் திறந்தால் உள் விளிம்பில் பழைய பெயிண்ட்டும் புதுப் பெயிண்ட்டும் சேருகிற இடம் ஒரு கோடாகத் தெரிகிறது, நகத்தை வைத்தால் தட்டுகிறது. பானெட் நடுவில் கிளியருக்கு அடியில் ஒரு கொசு, ஆறு காலும் விரித்தபடி. அதைத் தேய்த்து எடுக்கக்கூட யாருக்கும் நேரமில்லை.

ஷெட்டில் வைத்து அடித்ததைக் குற்றமாகச் சொல்லவில்லை. தொழிற்சாலையில் கிளியர் கோட்டை 140 டிகிரி பக்கம் சூட்டில் வேக வைக்கிறார்கள். ஓடுகிற வண்டியில் ரப்பர், வயர், பிளாஸ்டிக் எல்லாம் இருப்பதால் நல்ல பூத்திலேயே 60 டிகிரிக்கு மேல் போவதில்லை. ஷெட்டில் தரையை நனைத்துத் தூசியை அடக்கிவிட்டு அருமையாக அடிக்கிற பெயிண்டர்கள் நம் பக்கம் நிறைய உண்டு. இங்கே நடந்தது வேறு.

முதல் சந்தேகம் பெட்ரோல் பங்கில் வந்தது. டேங்க் மூடிக்குக் கீழே கொஞ்சம் சிந்தியதும், துடைத்த இடம் மங்கிப் போய்க் கோடு விழுந்தது. வீட்டுக்கு வந்து, பெயிண்ட் கடையில் வாங்கிய தின்னரைப் பழைய பனியன் துணியில் தொட்டு, டிக்கிக் கதவின் உள் ஓரத்தில், வெளியே தெரியாத இடமாகப் பார்த்து, தேய்த்தேன். துணியில் சில்வர் அப்படியே வந்தது. விஷயம் இதுதான்: என்சி என்கிற பழைய வகை பெயிண்ட் தின்னர் ஆவியாகிப் போவதால் காய்கிறது, ஆகவே மறுபடி தின்னர் பட்டால் மறுபடி கரையும். டூகே என்பது ஹார்ட்னரும் கலந்து அடிப்பது, இரண்டும் வினைபுரிந்து இறுகியபின் தின்னர் துணிக்கெல்லாம் அசையாது. எனக்குக் காட்டியது டூகே டப்பா, வண்டியில் அடித்தது என்சி. மேலே போட்ட கிளியரும் அதே ரகம். நீங்கள் செய்து பார்ப்பதாக இருந்தால் அடித்தவுடனே செய்யாதீர்கள், நல்ல டூகேகூட முழுசாக இறுகச் சில வாரம் எடுக்கும். அப்போது போய்ச் சண்டை போட்டால் நியாயம் அவர்கள் பக்கம் போய்விடும்.

இது வரைக்கும் நடந்ததை ஏமாற்று வேலை, போகட்டும் என்று விட்டிருப்பேன். ஐப்பசி மழையில் வெளியே வந்ததுதான் தாங்க முடியாதது.

பிரேக் போட்டால் டிரைவர் பக்கக் கதவுக்குள் தண்ணீர் அலம்புகிற சத்தம். கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், கண்ணாடி வழியாக உள்ளே இறங்குகிற மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியே போகும். அந்த ஓட்டைகளை எல்லாம் பட்டி வைத்து இழைத்து, மேலே பெயிண்ட் அடித்து மூடியிருந்தார்கள். உள்ளே தண்ணீர் தேங்கி, கதவின் ஓரம் முழுக்கக் கொப்புளம். ரன்னிங் போர்டிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வீக்கம். ஸ்க்ரூடிரைவரால் தட்டினேன், பிஸ்கட் மாதிரி ஒரு துண்டு பட்டி கழன்று விழுந்தது, விரல் பருமன். தரமான பட்டியே இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போடக் கூடாது. அதற்குப் பின்னால் தகரத்தைத் தேடினால், வெட்டவும் இல்லை, வெல்டும் இல்லை. ஓட்டைக்குள் தினசரிப் பேப்பரைச் சுருட்டி அடைத்திருக்கிறார்கள். நனைந்து கனத்துப் போயிருந்ததை இழுத்தேன், மணமகள் தேவை பக்கம். ஒரு மாப்பிள்ளையின் படிப்பும் சம்பளமும் நன்றாகவே படிக்க முடிந்தது.

பேப்பர் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், பட்டியும் ஈரத்தை இழுக்கும். சும்மா விட்டிருந்தால்கூட அந்த இடம் காற்றில் காய்ந்துகொண்டாவது இருந்திருக்கும். 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டு துருவுக்கு ஊறல் போட்டிருக்கிறார்கள்.

போய்க் கேட்டேன். "கடல் காத்துக்கு நாங்க என்ன அண்ணாச்சி செய்ய முடியும், கேரண்டி பெயிண்டுக்குத்தான், துருவுக்குக் கிடையாதே" என்றார். பம்பரில் பெயிண்ட் தோல் மாதிரி உரிந்திருந்ததைக் காட்டினேன் (பிளாஸ்டிக்கில் பெயிண்ட் பிடிக்கத் தனி பிரைமர் உண்டு, அது அந்தப் பக்கமே வரவில்லை). பிரஷர் வாட்டர் அடித்ததுதான் காரணமாம். பேப்பர் அடைத்த போட்டோவைக் காட்டினதும் குரல் இறங்கியது, "வேலைக்காரப் பையன் செஞ்சிருப்பான்" என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் தயாராகத்தான் இருந்தேன், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கார்டின் பின்பக்கம் எழுதினது, ஜிபே ரசீது, போட்டோ எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்பி வைத்தேன். டிங்கர் வேலைக்கு வாங்கின 4,000உம் மேலே 3,000உம் திருப்பிக் கொடுத்தார். அத்தோடு விட்டேன், அலைவதற்கு லீவு இல்லை.

பிறகு தூத்துக்குடியிலேயே ஒரு பழைய டிங்கர் அண்ணாச்சியிடம் வண்டியைக் காட்டினேன். ஜாக்கி போட்டு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தவர் பெயிண்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சொன்ன கணக்குதான் எனக்குத் தெளிவு. பிரைமர், பேஸ் கோட், டூகே கிளியர், ஹார்ட்னர், தின்னர், எமரி, டேப் எல்லாம் ஒழுங்கான சரக்காக வாங்கினால் இந்த அளவு வண்டிக்கு 15,000க்குக் குறையாது. மிச்சம் இருக்கிற ஏழாயிரத்தில் வாடகை, கரண்ட், இரண்டு ஆள் கூலி, ஓனர் லாபம். நல்ல வேலையில் ஸ்ப்ரே கன் பிடிக்கிற நேரம் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் கழற்றுவது, தேய்ப்பது, கழுவுவது, காய விடுவது. விலையை இறக்க வேண்டும் என்றால் அந்த வேலையைத்தான் விழுங்குவார்கள், அது வெளியே தெரியாது.

அப்படியென்றால் பட்ஜெட் பெயிண்ட்டே வேண்டாமா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். வண்டி வெள்ளை மாதிரி சாதாரண நிறம், மெட்டாலிக் இல்லை, தகரம் கெட்டியாக இருக்கிறது, வெயிலில் மங்கினதைத் தவிர வேறு குறை இல்லை, இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓட்டினால் போதும் என்றால் தாராளமாக அடியுங்கள், வேலை சுமாராக இருந்தாலும் உறுத்தாது. சில்வரோ கிரேயோ என்றால் கலர் மேட்சிலேயே மாட்டிக்கொள்வீர்கள். துரு ஓட்டை விழுந்திருந்தால் பெயிண்ட் என்கிற பேச்சையே எடுக்காமல் முதலில் டிங்கரிடம் போங்கள், தகரம் வெட்டி வெல்டு வைத்ததை பிரைமர் அடிப்பதற்கு முன்னால் நேரில் போய்ப் பார்த்துப் போட்டோ எடுங்கள். முடிந்த பிறகு ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் அடியிலும் ரன்னிங் போர்டிலும் வைத்துப் பாருங்கள். தகரமாக இருந்தால் இழுக்கும், கனமான பட்டியாக இருந்தால் விழும். பாதி வண்டிகளுக்கு ஃபுல் பாடி தேவையே இல்லை, கூரையும் பானெட்டும் மட்டும் நல்ல இடத்தில் அடித்துவிட்டு மற்றதை ரப்பிங் பாலிஷ் போட்டால் போதும்.

இன்னொன்று. ஆர்டிஓவில் லைட், ஹாரன், பிரேக் பார்த்தார்கள், சேஸிஸ் நம்பரைப் பென்சிலில் தேய்த்து எடுத்தார்கள். பெயிண்ட்டை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது வலது பக்க ரன்னிங் போர்டை வெட்டிப் புதுத் தகரம் வைத்தாயிற்று, கதவு ஓட்டைகளையும் திறந்து உள்ளே மெழுகு அடித்தாயிற்று. ஆர்சி 2029 வரைக்கும் இருக்கிறது. இடது பக்கத்தை அடுத்த மாதம் வெட்டுவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார், அங்கே எந்தப் பக்கத்தை வைத்து அடைத்திருக்கிறார்களோ, வந்ததும் போட்டோ போடுகிறேன்.