மார்கழி மேடைக்கு முப்பதாயிரம்: பாட்டுக் கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் கவனத்துக்கு

ஆகஸ்ட் வந்ததும் இந்தப் பதிவைப் போட வேண்டும் என்று போன டிசம்பரிலேயே முடிவு செய்திருந்தேன். மார்கழி 'ஸ்லாட்', அதாவது டிசம்பர் இசை சீசனில் பிள்ளைக்கு மேடை நேரம் வாங்கித் தரும் வியாபாரம், சூடு பிடிப்பது இப்போதுதான். என் மகன் போன தனியார் பாட்டு அகாடமியின் பெயரைச் சொல்லவில்லை. அவர்கள் மேல் என் புகார் நிலுவையில் இருப்பதால் வக்கீல் வேண்டாம் என்றார். பெயர் தெரிந்தும் பெரிய பயனில்லை, இதே மாதிரி கடை ஊருக்கு நாலு இருக்கிறது.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். திருச்சி உறையூரில் எங்கள் தெருவிலேயே ஒரு பாட்டு டீச்சர் இருக்கிறார். மாதம் 500 ரூபாய். என் மகன் அவரிடம் ஐந்து மாதம் போனான். ஐந்து மாதமும் ஆரம்ப ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசைதான். அதற்குரிய மாயாமாளவகௌளை ராகம் எங்கள் வீட்டுச் சுவரிலேயே ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. 'எப்ப டீச்சர் பாட்டுக்கு வருவீங்க?' என்று கேட்டேன். 'மூணாங்காலம் நிக்கட்டும் சார், அவசரம் என்ன?' என்றார். அதாவது மூன்றாவது வேகத்திலும் பிசகாமல் பாட வரட்டும் என்று. எனக்கு அவசரம் இருந்தது. என் தங்கையின் மகள் ஒரு கல்யாண வீட்டில் மைக் பிடித்து முழுப்பாட்டு பாடியதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அகாடமி. ஏசி அறை, கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்கக் கோப்பையோடு பிள்ளைகள். பையனை இரண்டு நிமிடம் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். 'சார், இது சாதாரணக் குரல் இல்லை. இதை இன்னும் சரளியில வச்சிருக்கீங்களே!' எந்த அப்பனுக்குத்தான் மயக்கம் வராது? அடுத்த ஒரு வருடத்தில் அதே வாக்கியத்தை அதே மூடிய கண்ணோடு வேறு நாலு பெற்றோரிடம் அவர் சொன்னதை வரவேற்பறையில் உட்கார்ந்து நானே கேட்டேன்.

சேர்க்கைக்கு 5,000, மாதம் 2,500. ஆறே வாரத்தில் பையன் ஹம்சத்வனி ராகத்தில் ஒரு கீர்த்தனை பாடினான். அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டது நான்தான். கீர்த்தனைக்கு முன்னால் கீதம், ஸ்வரஜதி, வர்ணம் என்று ஏறிப் போக வேண்டிய படிகள் எங்கே என்று கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் டிவி. பிள்ளைகள் பாட்டுப் போட்டிக்கு 'நேரடித் தேர்வு' வாங்கித் தருகிறோம், அதற்கு மூன்று மாதச் சிறப்புப் பயிற்சி, 25,000. கூடவே 'ப்ரொஃபைல்' வேண்டுமாம், ஸ்டுடியோவில் பாட்டுப் பதிவு, அதற்கு 15,000. பதிவு முடிந்து வந்ததைக் கேட்டபோது சுருதி நூல் பிடித்த மாதிரி நின்றது. அது பையன் பாடியதில்லை, கம்ப்யூட்டர் திருத்தியது. பையனே முகத்தைச் சுளித்து, 'அப்பா, இது நான் இல்லப்பா' என்றான். அந்தப் பாட்டும் அகாடமியின் யூடியூப் பக்கத்தில்தான் ஏறியது, அவர்கள் விளம்பரத்தோடு.

தேர்வு நாளன்று விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு கல்லூரி வாசலில் வரிசையில் நின்றோம். நேரடித் தேர்வு என்றார்களே என்று அகாடமிப் பெண்ணைக் கேட்டால், 'இதுதான் சார் நேரடி, ஆன்லைன் இல்லையே' என்கிறாள். எனக்கு முன்னால் நின்ற கரூர் அம்மா டிவியில் ஓடிய அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் காசு கட்டாமல் பெயர் பதிந்து வந்திருந்தார். பையனை நாற்பது விநாடி பாடவிட்டார்கள். 'தேங்க்யூ, நெக்ஸ்ட்.'

அங்கேயே விட்டிருக்கலாம். விட்டிருந்தால் கதை வெறும் பணத்தோடு போயிருக்கும்.

அந்த வருடம்தான் பையனுக்கு மகரக்கட்டு, அதாவது குரல் உடைவது, தொடங்கியது. பதின்மூன்று வயதை ஒட்டி ஆண்பிள்ளைகளுக்குக் குரல்வளை வளர்ந்து, குரல்நாண் நீண்டு, தடித்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஸ-விலிருந்து அடுத்த ஸ வரையிலான தூரம்) கீழே இறங்கும். கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கான அளவு; ஐந்தரைக் கட்டையில் பாடிய பையன் நாளைக்கு ஒன்றிலோ இரண்டிலோ வந்து நிற்பான். நடுவில் உள்ள மாதங்களில் குரல் உடையும், வழுக்கும். பாட்டு சொல்லிக்கொடுக்கிற யாருக்கும் தெரிந்த சங்கதி இது. ஆனால் ஆகஸ்டிலேயே சென்னையில் மார்கழி ஸ்லாட்டுக்கு 30,000 வாங்கியாகிவிட்டது. எனவே சுருதியைக் குறைக்கவில்லை, ஆறு கட்டைக்கு ஏற்றினார்கள். 'பிரிகா அப்பதான் எடுபடும்' என்றார்கள், வேகமாக உருளும் சங்கதிகளைச் சொல்கிறார்கள். தீபாவளிக்குள் பையனுக்குச் சாதாரணமாகப் பேசவே தொண்டை கரகரத்தது. வெந்நீர், பனங்கற்கண்டு, சித்தரத்தை என்று வீட்டில் ஓட்டினோம். தப்பு, அப்போதே டாக்டரிடம் போயிருக்க வேண்டும்.

கச்சேரி பகல் ஒன்றரை மணிக்கு, ஐம்பது நிமிடம். அரங்கில் பதினொரு பேர். எண்ணினேன். அதில் எட்டுப் பேர் அடுத்த ஸ்லாட் பெண்ணின் குடும்பம். கல்யாணி ராகத்தில் மேல் ஸ்தாயி போனபோது குரல் இரண்டாகப் பிளந்தது. பையன் நிறுத்தவில்லை, பாடி முடித்தான். இறங்கி வந்து என்னைப் பார்க்காமல் காரில் போய் உட்கார்ந்தான்.

வெளியே மிருதங்கம் வாசித்த தம்பிக்கு டீ வாங்கிக் கொடுத்தபோது பேச்சுவாக்கில் வந்தது: அவருக்கு 1,500, வயலினுக்கு 2,000. மீதி 26,500 எங்கே என்று அகாடமியில் கேட்டேன். 'ஹால், அட்மின், நெட்வொர்க்கிங்.' ரசீதில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி இருந்தது, ஜிஎஸ்டி எண் இல்லை.

காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல்நாணில் வீக்கம், முடிச்சாகும் முன்னால் வந்தீர்கள் என்றார். ஒரு மாதம் பாட்டு கூடாது, கத்தக்கூடாது, கிசுகிசுவென்றும் பேசக்கூடாது. கிசுகிசுத்தாலும் தொண்டைக்குச் சிரமம்தான் என்பது எனக்குப் புதுச் செய்தி.

பிப்ரவரியில் தலையைக் குனிந்துகொண்டு பழைய டீச்சர் வீட்டுக்குப் போனோம். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பையனைப் பாடச் சொல்லவும் இல்லை. 'திஸ்ர திரிபுடை போடு கண்ணா' என்று ஒரு தாளத்தைக் கேட்டார். முழித்தான். ஆதியும் ரூபகமும் தவிர வேறு தாளம் கையில் இல்லை. முப்பத்தைந்து தாளத்தில், அலங்காரம் என்கிற ஆரம்பப் பயிற்சிக்குரிய ஏழு தாளங்களைக்கூட அகாடமியில் முழுசாகக் காட்டியிருக்கவில்லை. 'சரி, மோகனத்தில் ரெண்டு ஆவர்த்தம் ஸ்வரம் மனசுக்குள்ளயே போட்டு எழுதிக் காட்டு.' ஆவர்த்தம் என்றால் தாளத்தின் ஒரு முழுச் சுற்று. அதற்கும் முழித்தான். மேடையில் அவன் பாடிய கல்பனா ஸ்வரம் முழுக்க நோட்டில் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யவைத்தது. பாடுகிறவன் அந்த நேரத்தில் தானே கட்டுவதால்தானே அதற்குக் கல்பனா ஸ்வரம் என்று பெயர்! பதினெட்டு மாதம், 1,20,000 ரூபாய், ஐந்து கீர்த்தனை, சொந்தமாக ஒரு ஆவர்த்தம் கிடையாது. ஏமாந்தது எங்கே என்று எனக்கு உறைத்தது மேடையிலோ வரிசையிலோ இல்லை, அந்தத் திண்ணையில்தான்.

பணத்தைக் கேட்டால் 'திருப்பித் தரப்படாது' என்ற படிவத்தில் என் கையெழுத்தைக் காட்டினார்கள். அதோடு பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தைக் கேள்வி கேட்க 2019 நுகர்வோர் சட்டத்தில் இடம் உண்டு. சேவைக் குறைபாட்டுக்கு, கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போடக் கட்டணமே இல்லை, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். நான் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிய எட்டாம் நாள் போன் வந்தது: கூகுளில் நீங்கள் எங்களைப் பற்றி எழுதியதை நீக்கினால் 40,000 தருகிறோம். எழுத்தில் கொடுங்கள் என்றேன். இன்னும் வரவில்லை.

காசு அதிகம் இல்லாதவர்களுக்கு ஒரு விஷயம். 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம் எல்லாம் மூன்று வருடப் படிப்பு. நம் ஊரில் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. ஏசி கிடையாது, கோப்பைப் படம் கிடையாது. நான் அந்த வாசலை ஆயிரம் தடவை தாண்டிப் போயிருக்கிறேன்.

பையன் இன்னும் பாடவில்லை. டீச்சர் வீட்டில் மற்ற பிள்ளைகளுக்குத் தாளம் போடுகிறான், ஒன்பது எண்ணிக்கைத் தாளமான சங்கீர்ண சாபு வரை வந்துவிட்டது. குரல் மூன்று கட்டையில் தடுமாறிக்கொண்டிருக்கிறது, இன்னும் இறங்குமாம்.

நேற்று என் மனைவிக்கு அகாடமியிலிருந்து ஒரு மெசேஜ். எங்கள் சின்னவளுக்கு ஆறு வயது முடிந்ததைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அண்ணன் படித்த இடம் என்பதால் சேர்க்கைக் கட்டணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடியாம்.