மெக்ஸிகோ ஃபெண்டர் பேஸ்: கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது?

மவுண்ட் ரோட்டுப் பக்கம் எந்தப் பெரிய இசைக்கருவிக் கடைக்குப் போனாலும் ஒரே மாதிரி தெரியும் மூன்று ஜாஸ் பேஸ் கிட்டார்கள் இருக்கும்: இந்தோனேசியாவில் செய்த ஸ்குவையர் (ஃபெண்டரின் மலிவு பிராண்ட்), மெக்ஸிகோவில் செய்த ஃபெண்டர், அமெரிக்காவில் செய்த ஃபெண்டர். ஒவ்வொரு படி ஏறும்போதும் விலை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. நடுவில் இருக்கும் மெக்ஸிகோ பேஸ் இன்று புதிதாக ஒரு லட்சத்துக்கு முன்பின்னாக விற்கிறது. அந்த விலைக்குத் தகுமா என்றால், புதிதாக வாங்கினால் சுமார்தான். பழையதாக, சரியாகப் பார்த்து எடுத்தால், சென்னையில் சர்ச்சிலும் லைட் மியூசிக்கிலும் வாசிக்கிறவருக்கு இதைவிட நல்ல பேரம் அமைவது கடினம்.

மெக்ஸிகோவின் பாஹா கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள என்செனாடா ஊரில் ஃபெண்டர் 1987-ல் தொழிற்சாலை தொடங்கியது. கலிஃபோர்னியாவின் கொரோனாவில் இருக்கும் அமெரிக்கத் தொழிற்சாலையிலிருந்து சில மணி நேர லாரிப் பயணம். இரண்டு இடத்திலும் முக்கியமாகப் புழங்குவது ஆல்டர் மரமும் மேப்பிளும்தான். வித்தியாசம் எங்கே என்றால், உடம்பை எத்தனை துண்டு ஒட்டிச் செய்கிறார்கள், ஃபிரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஓரத்தை எவ்வளவு நேரம் அரம் போட்டு மழுக்குகிறார்கள், நட்டை (நெக்கின் நுனியில் ஸ்ட்ரிங்குகள் பதியும் பள்ளங்கள் உள்ள பட்டையை) எவ்வளவு ஆழம் வெட்டுகிறார்கள், நெக்குக்குள் என்ன கம்பி வைக்கிறார்கள் என்பதில். அமெரிக்கன் புரொஃபஷனல் வகையில் நெக்குக்குள் ட்ரஸ் ராடோடு (நெக்கின் வளைவைச் சரிசெய்யத் திருகும் கம்பி) கிராஃபைட் கம்பிகளும் உண்டு. மெக்ஸிகோவில் செய்யும் பிளேயர் வரிசையில் ட்ரஸ் ராட் மட்டும். பாக்கியெல்லாம் பெரும்பாலும் கைவேலை செலவிடும் நேரம். அந்த நேரத்தை இங்கே நம் ஊர் டெக்னீஷியனிடம் காசு கொடுத்து வாங்கிவிடலாம். கிராஃபைட் கம்பியை வாங்க முடியாது.

பழைய மார்க்கெட்டில் வருடம் கண்டுபிடிக்க, நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் உள்ள சீரியல் எண்ணைப் பாருங்கள். எம்.என். என்று தொடங்கினால் 1990-கள், எம்.இசட். என்றால் 2000-கள். எம்.எக்ஸ். வந்தால் 2010 முதல், அடுத்த இரண்டு எண் வருடம், எம்.எக்ஸ்.18 என்றால் 2018. அந்த வருடம்தான் ஸ்டாண்டர்ட் வரிசை போய் பிளேயர் வந்தது. 2024-ல் பிளேயர் 2. எண் மட்டும் பார்த்து நம்பிவிட வேண்டாம், ஸ்டிக்கர் ஒட்டுவது பெரிய வித்தையில்லை. விற்பவர் ஒத்துக்கொண்டால் நெக் போல்ட் நான்கையும் கழற்றி, நெக்கின் அடியில் உள்ள தேதி முத்திரையையும் பாருங்கள். எண்ணும் முத்திரையும் சில மாதம் தள்ளி இருக்கலாம். பல வருடம் தள்ளி இருந்தால் நெக் மாற்றப்பட்டிருக்கிறது.

ஸ்டாண்டர்டுக்கும் பிளேயருக்கும் காதில் கேட்கும் வித்தியாசம், ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில். பழைய ஸ்டாண்டர்டுகள் பலவற்றில் செராமிக் காந்தம். சத்தம் கொஞ்சம் கடினமாக, நடுப்பகுதி மெலிந்து வரும். பிளேயரில் அல்நிக்கோ 5 காந்தம். அதை மாற்ற வேண்டிய அவசியம் எனக்குத் தெரிந்து யாருக்கும் இல்லை, மாற்றுகிற ஆசைதான் எல்லோருக்கும். ஸ்டாண்டர்டில் மாற்றுவதில் நியாயம் உண்டு. ஜாஸுக்கு வாங்கினால் இரண்டு பிக்கப்பின் நீளத்தையும் முதலில் அளந்துகொள்ளுங்கள். நெக் பக்கமும் பிரிட்ஜ் (உடம்பில் ஸ்ட்ரிங்குகள் முடியும் இடம்) பக்கமும் வழக்கமாக ஒரே நீளம் இருக்காது, மாற்றி வாங்கினால் மரத்தைச் செதுக்க வேண்டி வரும்.

பிளேயர் ஃபிரெட்போர்டு மேப்பிள், இல்லையென்றால் பாவ் ஃபெர்ரோ. ரோஸ்வுட் ஏற்றுமதிக்கு 2017-ல் வந்த கட்டுப்பாட்டினால் பாவ் ஃபெர்ரோவுக்குப் போனார்கள். பிளேயர் 2-ல் ரோஸ்வுட் திரும்பி வந்தது, ஃபிரெட்போர்டு ஓரத்தையும் உருட்டி விட்டிருக்கிறார்கள். கைக்கு அது நன்றாகவே தெரிகிறது. ஆனால் அந்த உருட்டலுக்காக மட்டும் பழைய பிளேயரை விட்டுவிட்டுப் புதிதுக்கு முழு விலை கொடுப்பது வீண்.

இனி கடையில் செய்ய வேண்டியது. ஆம்ப்பில் சொருகுவதற்கு முன் பத்து நிமிடம் வெறுமனே பாருங்கள்.

பேஸை ட்யூன் செய்து, ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃபிரெட்டிலும் நெக் உடம்போடு சேரும் இடத்து ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். எட்டாவது ஃபிரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்க வேண்டும். பிளேயரின் 9.5 அங்குல ரேடியஸுக்கு (ஃபிரெட்போர்டின் குறுக்கு வளைவு) ஃபெண்டர் சொல்லும் அளவு 0.012 அங்குலம், அதாவது 0.3 மி.மீ. கூடக் குறைய இருந்தால் பிரச்சினையில்லை. ட்ரஸ் ராடைத் திருப்பினால் அசைகிறதா என்பதுதான் கேள்வி. கடைக்காரரையே கால் சுற்றுத் திருப்பச் சொல்லுங்கள். முழுக்க இறுக்கியும் நெக் வளைந்தே இருந்தால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் அந்தப் பேஸ் வேண்டாம். அலென் கீ அங்குல அளவில் இருக்க வேண்டும். கையில் கிடைத்த மில்லிமீட்டர் கீயைப் போட்டு ட்ரஸ் ராட் நட்டின் உட்புறத்தை மொண்ணையாக்கி வைத்த பழைய பேஸ்கள் நிறைய சுற்றுகின்றன, டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்து நட். மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு போதும். மெக்ஸிகோ பேஸ்களில் அடிக்கடி காணும் குறை இதுதான்: நட் பள்ளத்தை ஆழம் போதாமல் விட்டுவிடுவார்கள். விளைவு, ஈ ஸ்ட்ரிங் முதல் ஃபிரெட்டில் வாசிக்கும் எஃப் எப்போதும் கொஞ்சம் ஏறியே ஒலிக்கும், விரலும் வலிக்கும். பிரிட்ஜில் என்ன திருகினாலும் இது சரியாகாது. நட் அரம் வைத்திருப்பவரிடம் அரை மணி நேர வேலை. பேரம் பேசும்போது இதைச் சொல்லிக் குறைக்கலாம்.

ஃபிரெட் ஓரம். நெக்கின் இரு பக்கமும் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டுங்கள். மரம் காயும்போது சுருங்கி, உலோக ஃபிரெட் வெளியே நீட்டும். நாள் முழுக்க ஏசி ஓடும் ஷோரூமில் லேசாகக் கீறினால் அது மரத்தின் குணம். ஐப்பசி மழையில் ஏசி இல்லாத அறையிலும் கையைக் கிழிக்கிறது என்றால் தொழிற்சாலையில் அரம் போடாமல் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே வரிசையில் தொங்கும் இரண்டு பிளேயர்களில் ஒன்று வழவழவென்றும் இன்னொன்று ரம்பம் போலவும் இருப்பது சகஜம். அதனால்தான் ஆன்லைனில் பெட்டியோடு வரவழைப்பதை விடக் கடைக்குப் போய் எடுப்பது நல்லது.

ஈ, ஜி ஸ்ட்ரிங்குகள் இரண்டும் ஃபிரெட்போர்டு ஓரத்திலிருந்து சம தூரத்தில் ஓடுகின்றனவா? பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேல் பாருங்கள். ஜி ஓரத்துக்குச் சாய்ந்து, விரலால் ஸ்ட்ரிங்கை இழுத்துவிடும் புல் ஆஃப் செய்யும்போது ஸ்ட்ரிங் வெளியே நழுவினால் பயப்பட வேண்டாம். நெக் போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி, நெக்கைக் கையால் மெல்லத் தள்ளி, மறுபடி இறுக்கினால் நேராகிவிடும். அப்படியும் நேராகவில்லை என்றால் பிரிட்ஜே கோணலாகத் துளையிடப்பட்டிருக்கிறது, அடுத்ததைப் பாருங்கள்.

இப்போது ஒவ்வொரு ஃபிரெட்டாக வாசியுங்கள். ஜி ஸ்ட்ரிங்கில் ஐந்திலிருந்து எட்டு வரை நிதானமாக, ஒவ்வொரு ஸ்வரத்தையும் தானாக அடங்கும் வரை விட்டு. இந்த இடத்தில் ஒரு ஸ்வரம் மட்டும் சட்டென்று செத்துப்போகும். நெக் தானாக அதிரும் அதிர்வெண்ணும் அந்த ஸ்வரமும் ஒன்றாக அமைந்து, ஸ்ட்ரிங்கின் சக்தியை மரம் உறிஞ்சிவிடுவதுதான் காரணம். இது மெக்ஸிகோவின் குற்றமில்லை. அமெரிக்க ஃபெண்டரிலும் இதே இடத்தில் வரும். ஹெட்ஸ்டாக்கில் சிறு எடைக் கவ்வி மாட்டினால் அந்த இடம் நகரும், முழுக்கப் போகாது. ராஜா பாட்டுகளின் பேஸ் லைன் வாசிக்கிறவர்களுக்கு இது முக்கியம், அங்கே விரல் முதல் நான்கு ஃபிரெட்டோடு நிற்பதில்லை. பிரிட்ஜ் பக்கத்துக் கடைசி ஃபிரெட்டுகளில் மட்டும் கரகரப்பு வந்தால் நெக் அடிப்பகுதி மேடேறியிருக்கிறது. ட்ரஸ் ராட் அங்கே எட்டாது, ஃபிரெட்டுகளை அரம் போட்டு ஒரே மட்டமாக்கும் ஃபிரெட் லெவலிங்தான் வழி. அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

இதன் பிறகுதான் ஆம்ப். ஜாஸில் இரண்டு வால்யூமையும் முழுசாக வைத்தால் இரைச்சல் அடங்க வேண்டும், ஒன்றைக் குறைத்தால் ஹம் வருவது இயல்பு. ஃபெண்டரின் இன்னொரு மாடலான பிரிசிஷன் பேஸில் பிக்கப் இரண்டாகப் பிளந்து ஒன்றின் ஹம்மை மற்றொன்று வெட்டுவதால் அந்தத் தொல்லையே இல்லை. சென்னைக் கல்யாண மண்டபங்களின் எர்த்தையும், மேடையில் தோரண விளக்கும் டிம்மரும் ஒரே லைனில் ஓடுவதையும் நினைத்தால், மேடைக்காரருக்கு என் சிபாரிசு பிரிசிஷன்தான். நட்டில் அகலம் 41.3 மி.மீ., ஜாஸில் 38.1. சின்னக் கைக்காரர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், பழகிவிடும். ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் ஹம் குறைந்தால் வயரிங் சரி. குறையவே இல்லையென்றால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் அறுந்திருக்கிறது, பத்து நிமிட சால்டரிங் வேலை. தொட்டதும் சுருக்கென்று அடித்தால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, ஆம்ப்பையும் பிளக் பாயிண்டையும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள்.

கடலோரக் காற்றில் முதலில் போவது, வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் ‘பாட்’ என்ற பாகமும் கேபிள் சொருகும் ஜாக்கும்தான். பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் வீடு என்றால் இன்னும் சீக்கிரம். குமிழைத் திருப்பும்போது கரகரவென்று வந்தால், ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனரை பாட்டுக்குள் அடித்து முப்பது முறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் 250 கே பாட் புதிதாகப் போட வேண்டும். தண்டு அளவும் உடம்பு அளவும் பொருந்த வேண்டும் என்பதால் பழைய பாட்டைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். ஜாக் தளர்ந்தால் வெளியே உள்ள திருகு நட்டை மட்டும் இறுக்காதீர்கள். உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுற்றி வயர் அறுந்துவிடும்; ஜாக் பொருத்திய தகட்டைக் கழற்றி, உள்ளே பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். பிரிட்ஜில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் சாடில்களின் சின்னத் திருகுகள் வாசிக்க வாசிக்க இறங்கும், ஒரு பொட்டு நெயில் பாலிஷ் போதும்.

மெக்ஸிகோ பேஸுக்கு நம் ஊரில் ஒரு சாதகம் உண்டு. உடம்பின் பாலியெஸ்டர் பூச்சு தடியானது. மரத்தின் அதிர்வை அது அமுக்கிவிடுகிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. இங்கே வியர்வையும் உப்புக்காற்றும் செய்யும் அட்டகாசத்துக்கு அந்தத் தடிமன்தான் சரி. நெக்கின் பின்புறம் மெல்லிய சாட்டின் பூச்சு என்பதால் வருடத்தில் ஒன்றிரண்டு முறை, மழைக்காலம் தொடங்கும்போதும் கத்திரி வெயிலிலும், நெக் கொஞ்சம் அசையும். எந்தப் பக்கம் அசையும் என்பது அந்தந்த நெக்கின் குணம். கால் சுற்று, அரை நாள் இடைவெளி, மறுபடி அளவு. ஒரேயடியாகத் திருப்ப வேண்டாம்.

செட்டப் முடிந்ததும் பதினேழாவது ஃபிரெட்டில் ஸ்ட்ரிங் உயரம் ஈ பக்கம் 2.4 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. என்பது ஃபெண்டரின் தொடக்க அளவு. ஃபிரெட் நேராக இருக்கும் பிளேயரை அதற்குக் கீழேயும் இறக்கலாம். கம்பெனியில் போட்டு வரும் 45-105 நிக்கல் ஸ்ட்ரிங்கே போதுமானது. அதைவிட மெலிந்த செட்டுக்கு மாறினால் ரிலீஃபும் (எட்டாவது ஃபிரெட்டில் அளந்த இடைவெளி) இன்டோனேஷனும் (எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது) திரும்பப் பார்க்க வேண்டும்.

புதிதாகவே வாங்க நினைப்பவர்கள், அதே காசுக்கோ குறைவாகவோ கிடைக்கும் சைர் வி7-ஐயும் யமஹா பிபி வரிசையையும் கையில் எடுத்துப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. இரண்டும் இந்தோனேசியா. ஃபிரெட் ஓர வேலையில் இரண்டுமே பல பிளேயர்களை வெட்கப்பட வைக்கும். விற்கும்போதுதான் ஃபெண்டர் என்ற பெயர் முந்துகிறது. சைரைத் திரும்ப விற்பவர் அதை உணர்வார். ஸ்குவையர் கிளாசிக் வைப் பாதி விலைதான். அதில் நல்லதாக ஒன்று அமைந்தால் மீதிப் பணத்தை ஆம்ப்பில் போடுவது புத்திசாலித்தனம். ஐந்து ஸ்ட்ரிங் வேண்டுமென்றால் பிளேயர் ஜாஸ் 5-ன் பி ஸ்ட்ரிங்கை ஆம்ப்பில் நிதானமான சத்தத்தில் தனியாக வாசித்துப் பாருங்கள். தொளதொளவென்று இருப்பவை உண்டு, எல்லாமே அப்படியில்லை. பிளேயர் பிளஸ் வேறு சங்கதி: சத்தமில்லாத பிக்கப், 18 வோல்ட் ஆக்டிவ் ஈக்யூ, 12 அங்குல ரேடியஸ். ரெக்கார்டிங் தியேட்டரில் நேராகச் சொருகுபவர்களுக்கு அந்தக் கூடுதல் விலை பொருந்தும். இரண்டு 9 வோல்ட் பேட்டரியைக் கச்சேரிக்கு முன் பார்த்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும்.

பழையதற்கு என்ன விலை? குறையில்லாத 2018-க்குப் பிந்தைய பிளேயருக்குப் புதிய விலையில் அறுபது சதவீதம்வரை கொடுக்கலாம். ஃபிரெட்டில் ஸ்ட்ரிங் தடம் ஆழமாக விழுந்திருந்தால் ஐம்பதுக்குக் கீழே பேசுங்கள். செராமிக் பிக்கப் ஸ்டாண்டர்டுக்கு அதையும்விடக் குறைவு. எடையைத் தோளில் மாட்டிப் பாருங்கள், நான்கரைக் கிலோவைத் தாண்டினால் மூன்று மணி நேரக் கச்சேரியில் தோள் சொல்லும். பிளேயருக்குக் கம்பெனியிலிருந்து கேஸோ பையோ வராது, பிளஸுக்குப் பை உண்டு. ஆகவே பழையது விற்பவர் தடித்த பஞ்சு வைத்த பையோடு தந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை நாளில் ஆட்டோவில் எடுத்துப் போக மெல்லிய துணி உறை உதவாது.