ஜிஞ்சர் பியர் சாமானுக்கு எந்தப் பெட்டி? பிளாஸ்ரிக், பிஸ்கட் பேணி, பனையோலை, லாச்சி, சுவர்

வீட்டில் ஜிஞ்சர் பியர் போடுகிறவருக்குப் பெரிய சாமானால் தொல்லை இல்லை. 20 லீற்றர் வாளியை எங்கே வைத்தாலும் கண்ணில் படும். தொலைவதும் உடைவதும் பூஞ்சணம் பிடிப்பதும் கையளவுச் சாமான்தான். எயார்லொக் (புளிக்கும்போது வருகிற வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத சின்னக் குழல்), அதைச் செருகும் இறப்பர் அடைப்பான், ஒன்றரை மீற்றர் சிலிக்கன் குழாய், போத்தல் பிரஷ், வடிதுணி, ஹைட்ரோமீற்றர் (சீனித் தண்ணியின் அடர்த்தியை மிதந்து காட்டும் கண்ணாடிக் கருவி), வெப்பமானி, கிரவுண் மூடி (சோடாப் போத்தலின் தகர மூடி), ஈஸ்ட் பைக்கற். போன கார்த்திகை மழைக்குள் இவற்றில் பாதியைத் தேடி எடுத்தபோது ஒன்று மணத்தது, ஒன்று கறள் பிடித்திருந்தது, ஒன்று உடைந்திருந்தது. அதற்குப் பிறகுதான் பெட்டிகளை ஒன்றுக்கொன்று போட்டிக்கு விட்டேன்.

முதலிலேயே ஒன்று. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பது இலங்கையில் 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். நான் போடுவது இரண்டு நாள் வைத்துக் குமிழி வந்ததும் பிரிஜ்ஜுக்குள் போகிற இஞ்சித் தண்ணி, கொஞ்சம் வினாகிரி, அவ்வளவுதான். சாமான் என்னவோ எல்லாருக்கும் ஒன்றுதான்.

மூடி இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டிதான் எல்லாரும் முதலில் வாங்குவது. ஐஸ்கிரீம் பெட்டியைக் கழுவி வைத்தாலும் அதே வேலை செய்யும். சீனி பட்ட சாமானுக்கு எறும்பு வருவதை இதைப்போல எதுவும் தடுக்காது. கரப்பொத்தானும் நுழையாது. ஆனால் எறும்பை வெளியே நிறுத்துகிற அதே மூடி ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிறது. குழாயைக் கழுவி, உதறி, சுருட்டிப் பெட்டிக்குள் போட்டால் வெளியே காய்ந்திருக்கும், நடுவில் இரண்டு சொட்டுத் தண்ணி கிடக்கும். மூன்று கிழமைக்குப் பிறகு திறந்தால் பழைய சாக்கு மணம். வெயில் காலத்தில் இது பெரிதாகத் தெரியாது. ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரைக்கும் இந்தப் பெட்டியை நம்பக் கூடாது.

பிஸ்கட் பேணி பார்க்க வடிவு, எலியும் கடிக்காது. மற்றபடி இந்த வேலைக்கு ஆகாது. கடற்காற்றுக்குத் தகரம் விளிம்பில்தான் முதலில் கறள் கட்டும். குருநகர், பருத்தித்துறைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான் செய்த பெரிய பிழை, கிரவுண் மூடிகளோடு சோடியம் மெற்றாபைசல்பைற்றுப் பைக்கற்றையும் ஒரே பேணிக்குள் வைத்தது. நெல்லிரசம் கெடாமல் இருக்கப் போடுகிறார்களே, அதே தூள்தான். ஈரம் பட்டால் அதிலிருந்து கந்தகவீரொட்சைட்டு வாயு வரும், அது இரும்பை அரிக்கும். ஐம்பது மூடியில் பத்துத்தான் தப்பியது. அந்தத் தூள் எந்தப் பெட்டியிலும் உலோகத்தோடு சேர்ந்திருக்கக் கூடாது. கண்ணாடிப் போத்தலில், பெயர் எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் தனியாக வைக்க வேண்டும்.

மாமி பனையோலைப் பெட்டியின் ஆள். "காத்துப் போற பெட்டிக்குள்ள ஒண்டும் மணக்காது தம்பி, ஒடியலையே நாங்கள் அதுக்குள்ளதான் வைக்கிறம்" என்றா. பாதி சரி. ஓலைப் பின்னல் மூச்சு விடும். வடிதுணி, மரக்கரண்டி, காய்ந்த பிரஷ் எல்லாம் அதற்குள் ஆறு மாதம் கிடந்தும் மணக்கவில்லை. நல்லூர்த் திருவிழாக் கடைகளில் மூடியோடு கிடைக்கிற சின்னப் பெட்டி இதற்குக் கச்சிதம். ஆனால் ஒடியல் என்கிற பனங்கிழங்கு வெயிலில் கலகலவென்று காய்ந்து போவது, என் பிரஷ் அப்படிப் போவதில்லை. ஈரத்தோடு ஒரு தடவை வைத்தேன். ஓலையே கறுத்துப் புள்ளி விழுந்தது, அதை எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. எறும்புக்கும் அது திறந்த கதவு.

அத்தான் தூண்டில்காரர், தன்னுடைய அறை பிரித்த பெட்டியைத் தூக்கிக் காட்டினார். எயார்லொக், இறப்பர் அடைப்பான், வொஷர் போன்ற உருட்டுச் சாமானுக்கு இதை எதுவும் வெல்லாது. மூடி கண்ணாடிபோல இருப்பதால் எது குறைகிறது என்று திறக்காமலே தெரியும். அறை நீளம் போதாமல் ஹைட்ரோமீற்றர் மட்டும் வெளியே நின்றது. அதைக் குசினி லாச்சியில் வைத்தேன். லாச்சியை இழுக்கிற ஒவ்வொரு முறையும் அது உருண்டு போய்ச் சுவரில் முட்டும். நாலாவது கிழமை கழுத்தில் உடைந்தது. லாச்சி கரண்டிக்கு நல்லது, மெல்லிய கண்ணாடிக்கு எமன்.

சுவரைத்தான் நான் கடைசியாக எண்ணினேன், முதலில் எண்ணியிருக்க வேண்டும். சாமானின் இனத்தைப் பார்த்துப் பிரிப்பதைவிட, ஈரமா காய்ந்ததா என்று பார்த்துப் பிரிப்பதுதான் நம்முடைய காலநிலைக்குப் பொருந்துகிறது. கழுவியது எதுவும் நேரே பெட்டிக்குப் போகாது, இரண்டு நாள் சுவரில் தொங்கும். வெறும் ஆணியில் குழாயைப் போட்டால் அந்த இடத்தில் மடிப்பு விழுந்து, பிறகு சைபன் (மேலே இருக்கிற வாளியிலிருந்து குழாயால் கீழே வடிப்பது) இழுக்காது. அதனால் அரைச் சிரட்டை ஒன்றை முதுகு மேலே பார்க்கிற மாதிரிச் சுவரில் பதித்து, அதன் வளைவின் மேல் குழாயை நடுவாகப் போடுகிறேன். இரண்டு வாயும் கீழே பார்க்கும், கடைசிச் சொட்டும் இறங்கிவிடும். பிரஷ்ஷும் தலைகீழாகத்தான்.

சுவருக்கும் குறை உண்டு. பல்லி எச்சம் விழும். விறகடுப்புக் குசினியென்றால் புகைக்கரி படியும். நேர்வெயில் படுகிற விறாந்தையில் இறப்பர் அடைப்பான் ஒரு வருடத்தில் வெடித்துப் போகும். நிழல் உள்ள, காற்று ஊடாடுகிற சுவர் வேண்டும். மாதக்கணக்கில் அங்கேயே விட்டால் தூசி பிடிக்கும், ஆகவே அது தங்குமிடம் இல்லை, காயுமிடம்.

எங்கள் கிணற்றுத் தண்ணியையும் கணக்கில் எடுக்க வேண்டும். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற தண்ணி, காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைப் படை கட்டும். ஹைட்ரோமீற்றரில் அது படிந்தால் பாரம் கூடி, கருவி கூடத் தாழ்ந்து, அளவு குறைத்துக் காட்டும். வைக்கும் முன் தேசிக்காய்த் தோலால் தேய்த்து, ஆறவைத்த கொதிநீரால் அலசித் துடைத்துவிடுவேன். கொதிநீர் என்றதும் எயார்லொக்கையும் அதற்குள் போட்டுவிடாதீர்கள், மெல்லிய பிளாஸ்ரிக் கோணிப் போகும். சிலிக்கன் குழாய் தாங்கும்.

இப்போது என் வீட்டில் மூன்று இடம். நிழற்சுவரில் ஈரச் சாமான். காய்ந்ததும் உருட்டுச் சாமான் அத்தான் சொன்ன அறைப்பெட்டிக்கும், துணியும் பிரஷ்ஷும் மாமியின் ஓலைப்பெட்டிக்கும் போகும். மழை மாதங்களில் ஓலைப்பெட்டி அலுமாரியின் மேல்தட்டுக்கு ஏறும். ஈஸ்ட் பிரிஜ்ஜில், முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில். புது ஹைட்ரோமீற்றருக்கு ஹாட்வெயார் கடையில் ஒரு துண்டு பிவிசி பைப்பும் இரண்டு மூடியும் வாங்கி, அடியில் பஞ்சு வைத்து, அலுமாரிக் கதவின் உட்புறம் நிமிர்த்திக் கட்டியிருக்கிறேன். பைப்பின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கருவி 20 பாகைக்கு அளவு செய்தது, எங்கள் குசினி பெரும்பாலும் 30 பாகை, ஆகவே வாசிப்போடு 0.002 முதல் 0.003 வரை கூட்ட வேண்டும் என்று. பைப்பைத் திறக்கிற நேரத்தில்தான் அது ஞாபகம் வரவேண்டும், கொப்பியில் எழுதினால் கொப்பியைத் தேட வேண்டும்.