ஹவர்ஸ் கணக்குக்காக போனேன், குடிசை எண்ண கத்துக்கிட்டேன்: டாஸ்கிங் மேனேஜர் ரிவ்யூ

காலேஜ்ல கம்யூனிட்டி சர்வீஸ் ஹவர்ஸ் முடிக்கணும்னு சொன்னதும் எல்லாரும் பண்றதத்தான் நானும் மொதல்ல பண்ணேன். நாலு பேர் பெருக்க வேண்டிய எடத்துல நாப்பது பேர் போய் நின்னோம், பேனர் புடிச்சு போட்டோ எடுத்தோம், வரும்போது ஒரு கையெழுத்து, கெளம்பும்போது ஒரு கையெழுத்து. தொடப்பம் என் கைக்கு வந்து ஒரு கால் மணி நேரம் இருந்திருக்கும், ஷீட்ல ஏறுனது நாலு மணி நேரம். அப்புறம் ஹவர்ஸ் ஏத்துறதுக்குன்னே ஒரு ஆப் வந்துச்சு, பேர் வேணாம், அதுல செல்ஃபி போட்டாதான் கணக்கு ஏறும், அங்க போய் என்ன செஞ்சேன்னு எழுத ஒரு கட்டம்கூட கெடையாது. அந்த கடுப்புல வேற எதாவது இருக்கான்னு தேடுனப்பதான் இது மாட்டுச்சு.

ஹியூமானிட்டேரியன் ஓபன்ஸ்ட்ரீட்மேப் டீம்னு ஒரு அமைப்பு, சுருக்கமா ஹாட்ம்பாங்க, அவங்க நடத்துற வெப்சைட்தான் டாஸ்கிங் மேனேஜர். ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2004ல ஆரம்பிச்சது, விக்கிபீடியா மாதிரி யார் வேணா வந்து திருத்தக்கூடிய உலக மேப். 2010 ஜனவரி 12ஆம் தேதி ஹைத்தில பூகம்பம் வந்தப்ப தலைநகரத்துக்கே உருப்படியான ஆன்லைன் மேப் இல்ல. எங்கெங்கயோ இருந்தவங்க அவங்கவங்க வீட்டுல உக்காந்து சாட்டிலைட் படத்த பாத்து தெருத்தெருவா வரைஞ்சாங்க, மீட்பு வேலைக்கு போனவங்க அத ஜிபிஎஸ்ல ஏத்திக்கிட்டு போனாங்க. அந்த வருஷமேதான் ஹாட் ஒரு அமைப்பா பதிவாச்சு. 2014ல செஞ்சிலுவைக்காரங்க, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு எல்லாம் சேந்து மிஸ்ஸிங் மேப்ஸ்னு ஒண்ண ஆரம்பிச்சாங்க, 2015ல யூத்மேப்பர்ஸ்னு காலேஜ் பசங்களுக்குன்னே தனியா ஒண்ணு வந்துச்சு, உங்க காலேஜ்லயே அதோட கிளை இருக்கலாம், விசாரிச்சு பாருங்க. வரலாறு போதும்.

வேலை எப்படின்னா, ஒரு ஏரியாவ எடுத்து கட்டம் கட்டமா பிரிச்சு வெச்சிருப்பாங்க. ஒரு கட்டத்த நீங்க எடுத்தீங்கன்னா அது உங்க பேர்ல லாக் ஆயிடும், வேற யாரும் கை வெக்க முடியாது, ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிச்சு குடுக்கணும், இல்லன்னா அதுவா ரிலீஸ் ஆயிடும். கட்டத்துக்குள்ள இருக்குற வீடு, ரோடு, ப்ராஜெக்ட்ல என்ன கேட்டிருக்காங்களோ அத சாட்டிலைட் படத்து மேல வரையணும். பிரவுசர்லயே ஐடி எடிட்டர்னு ஒண்ணு தொறக்கும். நாலு மூலையும் கிளிக் பண்ணி வீட்ட மூடிட்டு கீபோர்ட்ல க்யூ தட்டுனா கோணல்மாணலா இருக்குறது சதுரமா நிமிந்துக்கும், வட்ட குடிசையா இருந்தா ஓ தட்டுனா வட்டமாயிடும். இந்த ரெண்டு கீ தெரியாம நான் மொத நாள் ஒவ்வொரு வீட்டையும் கையால இழுத்து இழுத்து நேராக்கிட்டு இருந்தேன், வெக்கக்கேடு.

கஷ்டம் வரையறதுல இல்ல, பாக்குறதுல இருக்கு. நான் எடுத்தது டான்சானியால ஒரு கிராமப்புற ஏரியா. மேல இருந்து பாத்தா குடிசை, மரம், வைக்கோல் குவியல் எல்லாமே பழுப்பு உருண்டைதான். நெழல பாத்துதான் கண்டுபுடிக்கணும், மரத்தோட நெழல் ஓரமெல்லாம் பிஞ்சு பிஞ்சு இருக்கும், கூரையோட நெழல் சுத்தமா ஒரு கோடு போட்ட மாதிரி விழும். இன்னொண்ணு, படம் சாய்வா எடுத்திருந்தா கூரை ஒரு பக்கமா தள்ளி தெரியும், கூரைய சுத்தி வரைஞ்சுட்டு அதுக்கப்புறம் அந்த வடிவத்த நகத்தி கீழ தரையில வெக்கணும், ஏன்னா வீடு நிக்கிறது தரையில. இது புரிய எனக்கு மூணு நாள் ஆச்சு.

இப்ப மெயின் மேட்டருக்கு வரேன். ரெண்டாவது கட்டத்துல பெரிய வட்டம் ஒண்ணு இருந்துச்சு, நான் பாட்டுக்கு சுத்தி கிளிக் பண்ணி ஓ தட்டி கட்டிடம்னு போட்டு சப்மிட் குடுத்துட்டேன். ரெண்டு நாள் கழிச்சு கட்டம் திரும்பி வந்துச்சு, இன்னும் வேலை இருக்குன்னு. கூடவே சரிபாக்குறவங்க எழுதுன ஒரு கமெண்ட். நீங்க போட்டது வீடு இல்ல, ஆடு மாடு அடைக்கிற முள்வேலி வளையம், அத ஒட்டி உள்பக்கம் சின்ன சின்னதா புள்ளி தெரியுதே அதுதான் வீடுங்க, ஜூம் பண்ணி எண்ணி பாருங்கன்னு பொறுமையா எழுதியிருந்தாங்க. அளவு பாக்குற பேனல தொறந்து பாத்தா நான் வரைஞ்ச குடிசை நாப்பது மீட்டர் அகலம், ஸ்டேடியம் கட்டிக் குடுத்திருக்கேன் அந்த ஊருக்கு. ஜூம் பண்ணி எண்ணுனேன், பதினோரு வீடு.

மொதல்ல ஈகோ அடிச்சுது, ஃப்ரீயா வந்து வேலை செய்றவன்கிட்ட திருத்தம் சொல்றாங்களேன்னு. அப்புறம்தான் யோசிச்சேன். தடுப்பூசி போட போறவங்க ஒரு ஊர்ல எத்தன வீடு இருக்குன்னு பாத்துத்தான் எத்தன பேர் இருப்பாங்க, எத்தன டோஸ் எடுத்துட்டு போகணும்னு தோராயமா கணக்கு போடுறாங்க. 2014ல எபோலா வந்தப்ப கினி நாட்டுல குவெக்கெடு பக்கம் இதே மாதிரி அவசரமா மேப் வரைஞ்சு குடுத்துருக்காங்க. என் மேப்ப அப்படியே நம்பியிருந்தா அந்த எடத்துல பதினோரு வீட்டுக்கு பதிலா ஒரே ஒரு வீடு. நான் பேனர் புடிச்சு நின்ன அத்தன மணி நேரத்துலயும் நீ செஞ்சது தப்புன்னு ஒருத்தர்கூட சொன்னதில்ல, ஏன்னா தப்பா செஞ்சாலும் சரியா செஞ்சாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. இங்க ஒருத்தர் உக்காந்து என் வட்டத்த பாத்திருக்கார். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன்.

மீதி ஒரு ஸ்டார் எங்க போச்சுன்னா, லேப்டாப்பும் மவுஸும் இல்லாம இது ஆகாது. டச்பேட்ல வரைஞ்சா கை மரத்துப்போகும், போன்ல சுத்தமா வேணாம். போன் மட்டும்தான் இருக்குன்னா மேப்ஸ்வைப்னு தனி ஆப் இருக்கு, 2016ல வந்தது, படத்துல வீடு தெரியுதா இல்லையான்னு தட்டிக்கிட்டே போனா போதும், எங்க வரையணும்னு மொதல்ல சலிச்சு எடுக்குற வேலை அது, பஸ்ல நின்னுக்கிட்டே பண்ணலாம். அப்புறம் மனுஷங்கள நேர்ல பாத்து பழகத்தான் வாலண்டியரிங் வரேன்னு நெனைக்கிறவங்களுக்கு இது செட் ஆகாது, முகமே தெரியாது, ஒரு தேங்க்ஸ்கூட வராது. இன்னொண்ணு, எங்கயாவது பெரிய பேரிடர் வந்தா அன்னிக்கு புதுசா வரவங்க கூட்டம் அள்ளும், அவசரத்துல தப்பும் சேந்து வரும், சரிபாக்க ஆள் பத்தாது. புது ஆளா இருந்தா அந்த மாதிரி நேரத்துல கத்துக்க ஆரம்பிக்காதீங்க, சும்மா இருக்குற நாள்ல ஈசியான ப்ராஜெக்ட்டா பாத்து பழகி வெச்சுக்கோங்க, லெவல் வாரியா ஃபில்டர் இருக்கு.

பி மை ஐஸும் போட்டு வெச்சிருக்கேன், பார்வை இல்லாதவங்களுக்கு வீடியோ கால்ல கண்ணா இருக்குற ஆப், ஐடியா அருமை, ஆனா உதவி கேக்குறவங்கள விட வாலண்டியருங்க பல மடங்கு அதிகம், அதனால போன் எப்பவாவதுதான் அடிக்கும், ஹவர்ஸ் முடிக்க அத நம்பி உக்கார முடியாது. அடிக்கலன்னா அவங்களுக்கு சீக்கிரம் ஆள் கெடைக்குதுன்னு அர்த்தம், அது நல்லதுதான். ஜூனிவர்ஸ்னு ஒரு வெப்சைட், படத்த பாத்து வகை பிரிச்சு ஆராய்ச்சிக்காரங்களுக்கு உதவுறது, ஜாலியா இருக்கும், 2007ல கேலக்ஸி மண்டலங்கள வகை பிரிக்கிற கேலக்ஸி ஜூல தொடங்குனது, ஆனா அங்க பல பேர் சொல்ற பதில சேத்துத்தான் முடிவு எடுப்பாங்க, அதனால நான் போட்ட பதில் சரியா தப்பான்னு யாரும் தனியா வந்து சொல்லித்தர மாட்டாங்க.

ஹவர்ஸ் மேட்டர கேப்பீங்கன்னு தெரியும். உங்க கணக்குல எத்தன கட்டடம், எத்தன கிலோமீட்டர் ரோடு, எவ்ளோ நேரம்னு எல்லாம் காட்டும், நான் அத பிரிண்ட் எடுத்து குடுத்தேன். போட்டோ எங்கன்னு கேட்டாங்க. குடிசை வரைஞ்ச ஸ்க்ரீன்ஷாட்ட காட்டுனேன், கொஞ்ச நேரம் திருப்பி திருப்பி பாத்துட்டு கையெழுத்து போட்டாங்க. ஆனா எல்லா எடத்துலயும் ஒத்துக்குவாங்கன்னு நம்பி எறங்காதீங்க, மொதல்லயே கேட்டுக்கோங்க.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நம்ம வரையறது வெறும் உருவம்தான், எது கடை எது ஆஸ்பத்திரி, தெருப்பேர் என்னன்னு சாட்டிலைட்ல தெரியாது, அத அந்த ஊர்க்காரங்கதான் வந்து போடணும். போன வாரம் சும்மா அந்த ஏரியாவ தொறந்து பாத்தேன். வளையத்துக்கு கொஞ்சம் தெக்கால நான் நீட்டமா ஒரு கட்டடம் வரைஞ்சிருந்தேன், கிடங்கா இருக்கும்னு மனசுல நெனச்சுக்கிட்டு. இப்ப அதுக்கு பேர் இருக்கு, ஷூலே யா ம்சிங்கின்னு ஆரம்பிக்குது, ஸ்வாஹிலில ஆரம்பப்பள்ளி. நான் வரைஞ்சதுல வடக்கு மூல மட்டும் இன்னும் லேசா கோணலா இருந்துச்சு, க்யூ தட்டிட்டு சேவ் பண்ணேன்.