"கூகுளில் முதல் பக்கம்" என்று சொல்லி 24,000 ரேண்ட் வாங்கிப் போனார்கள்: டர்பன் கடைக்காரர்கள் கவனத்துக்கு

24,000 ரேண்ட். மாதம் 4,000 வீதம் ஆறு மாதம் என் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டு, கூடவே இருந்த வியாபாரத்தையும் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், மெரேபேங்க் பக்கம் கடை வைத்திருக்கும் தமிழர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். அதே ஆள், அதே பேச்சோடு, போன வாரம் எங்களுக்குத் தெரிந்த ஒரு சேலைக் கடைக்குள் நுழைந்திருக்கிறார். அதைக் கேள்விப்பட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. வலைத்தளங்களைக் கூகுள் தேடலில் மேலே கொண்டுவருகிறோம் என்று கடை கடையாக ஏறி இறங்கும் எஸ்.இ.ஓ. நிறுவனம். பளபளப்பான அட்டை, கழுத்தில் அடையாள வில்லை, அதில் கூகுள் பார்ட்னர் என்ற முத்திரை. அந்த முத்திரை கூகுளில் விளம்பரம் போட்டுக் கொடுப்பவர்களுக்கான திட்டத்தைச் சேர்ந்தது, சாதாரணத் தேடல் முடிவில் ஒரு கடை எந்த இடத்தில் வரும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதைப் பிறகு என் தம்பி மகன் படித்துச் சொன்னான்.

எங்களுடையது பூஜைச் சாமான் கடை. கற்பூரம், குங்குமம், பித்தளை விளக்கு, வேல், மயிலிறகு, காவடிக்கு வேண்டியது எல்லாம். தம்பி மகன்தான் வலைத்தளம் செய்து கொடுத்தான். லெனேசியா, லாடியம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று வெளியூர்களிலிருந்து ஆர்டர் வரும். புரட்டாசி விரதம், தீபாவளி, தைப்பூசம், இந்த மூன்றும்தான் எங்களுக்கு வருடம். மற்ற மாதங்களில் வாடகை கட்டினால் போதும் என்றிருக்கும்.

ஆடிக் கூழ் முடிந்த கையோடு அந்த ஆள் வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். முருகன் படத்துக்கு முன் நின்று கும்பிட்டு, தட்டிலிருந்து விபூதி எடுத்துப் பூசிக்கொண்டார். பிறகு, "வணக்கம் அக்கா" என்றார். இந்த ஊரில் முப்பது வயதுக்காரர் ஒருவர் வாய் நிறையத் தமிழ் பேசிக் கேட்பது எவ்வளவு அரிது என்று இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். 1860-இல் நம் முன்னோர் ட்ரூரோ கப்பலில் இங்கே வந்து இறங்கியதிலிருந்து கணக்குப் போட்டால் எத்தனை தலைமுறை ஆகிவிட்டது! நம் பிள்ளைகள் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த என் மாமியாரை, "சாப்பிட்டீர்களா ஆயா?" என்று அவர் கேட்டபோது மாமியாரின் முகம் மலர்ந்த விதத்தை என்னால் மறக்க முடியாது. மாமியாரே எழுந்துபோய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். யாருக்கும் அப்படிச் செய்கிறவர் இல்லை. அந்தத் தேநீரைக் குடித்துக்கொண்டேதான் அந்த மனிதர் எங்களை ஏமாற்றினார்.

தன் கைப்பேசியில் "பிரேயர் குட்ஸ் டர்பன்" என்று அடித்துக் காட்டினார். இங்கே வாங்குகிறவர்கள் அப்படித்தான் தேடுவார்கள். முதல் பக்கத்தில் வேறு கடைகள் இருந்தன, நாங்கள் இல்லை. "தைப்பூசத்துக்குள் உங்களை இங்கே உட்காரவைப்பது என் பொறுப்பு அக்கா. எங்களுக்குக் கூகுளில் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஆறே மாதம்" என்றார். கைப்பேசித் திரையிலேயே விரலால் கையெழுத்து வாங்கிக்கொண்டார். முழு ஒப்பந்தம் முதல் 4,000 ரேண்ட் போன பிறகுதான் மின்னஞ்சலில் வந்தது. அதில் பன்னிரண்டு மாதம் என்று இருந்தது. கேட்டதற்கு, "அது எல்லாருக்கும் ஒரே படிவம் அக்கா, உங்களுக்கு ஆறுதான்" என்றார்.

கூகுள் தன் வழிகாட்டிப் பக்கத்தில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது: முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது, கூகுளோடு தனி உறவு இருப்பதாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். இந்த இரண்டையும் அந்த ஆள் ஒரே மூச்சில் சொன்னார்.

மாதா மாதம் அறிக்கை வந்தது. பச்சை அம்புக்குறிகள், எண்கள், வரைபடங்கள். "இருநூறு தேடுசொற்கள் சேர்க்கப்பட்டன." "இணைப்புகள் உயர்ந்தன." "பதினெட்டுச் சொற்களில் முதல் பக்கம்." பார்ப்பதற்குப் பெரிய வேலை நடந்தது போலவே இருக்கும். தீபாவளிக்கு ஆர்டர் கூடவில்லை என்பதால் தம்பி மகன் அந்த அறிக்கைகளை ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பார்த்தான். அவன் கண்டுபிடித்தவற்றை எழுதுகிறேன். உங்கள் மேசையிலும் இப்படி ஓர் அறிக்கை இருக்கலாம்.

முதல் பக்கத்தில் வந்ததாகச் சொன்ன பதினெட்டில் பாதி எங்கள் கடையின் பெயர்தான், முன்னும் பின்னும் ஊர்ப் பெயரை ஒட்டியது. தன் சொந்தப் பெயரைத் தேடினால் எந்தக் கடையும் மேலே வரும், அதற்கு ஒரு காசு செலவு செய்ய வேண்டியதில்லை. மீதிப் பாதி, "சாட்ஸ்வர்த்தில் காவடிக்கு மயிலிறகோடு பித்தளை வேலும் சேர்த்து விற்கும் கடை" என்ற மாதிரியான நீண்ட வாக்கியங்கள். எந்த மனிதர் இப்படித் தேடுவார்? கூகுளின் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் எந்தெந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு நம் தளம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அதை அழுத்தி உள்ளே வந்தார்கள் என்று பார்க்கலாம். இந்த நீண்ட வாக்கியங்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. யாரும் தேடாத சொல்லுக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். "பிரேயர் குட்ஸ் டர்பன்" என்ற, அவர்களே எங்களுக்குக் காட்டிய அந்த ஒரு சொல், ஆறு அறிக்கையில் ஒன்றில்கூட இல்லை. ஒரு தடவை அதற்கு முதலிடம் வந்துவிட்டது என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்கள். மேலே "ஸ்பான்சர்டு" என்று எழுதியிருக்கும் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு அனுப்பியது. அது பணம் கட்டிப் போட்ட விளம்பரம்.

அந்த இருநூறு தேடுசொற்கள் பக்கத்தின் உள்ளே யார் கண்ணுக்கும் தெரியாமல் இருக்கும் கீவேர்ட்ஸ் என்ற குறிப்பில் திணிக்கப்பட்டிருந்தன. தன் தேடல் வரிசைக்கு அந்தக் குறிப்பைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள், டோங்காட், வெருலம், ஸ்டாங்கர் என்று. மறைத்து எழுதுவது கூகுளின் விதிப்படி குற்றம்.

எல்லாவற்றையும்விட மோசமானது இணைப்புகள். கூகுளை ஆரம்பித்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் எழுதிய கட்டுரையிலிருந்தே, ஒரு பக்கத்தை வேறு பக்கங்கள் சுட்டிக்காட்டுவது அதன் மதிப்புக்கு ஓர் அளவுகோல். ஊரில் நாலு பேர் "அந்தக் கடையில் நல்ல குத்துவிளக்கு கிடைக்கும்" என்று தாங்களாகச் சொல்வதற்கு மதிப்பு உண்டு அல்லவா, அதுதான். காசு கொடுத்துச் சொல்ல வைத்தால்? அதைத் தடுக்கத்தான் 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. 2016 முதல் அது கூகுள் தேடலின் அடிப்படை முறையிலேயே சேர்ந்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் இவர்கள் எங்கள் பூஜைச் சாமான் கடைக்கு வாங்கிப் போட்ட இணைப்புகள் எங்கிருந்து தெரியுமா? சூதாட்டத் தளங்கள். கடன் தரும் தளங்கள். என்ன மொழி என்றே தெரியாத வெற்றுப் பக்கங்கள். முருகன் வேல் படத்துக்குப் பக்கத்தில் சூதாட்ட விளம்பரம். மாமியாரிடம் இதைக் காட்டவே இல்லை.

பிறகு தட்டிக்கழிக்கும் படலம். கேள்வி கேட்க ஆரம்பித்ததும் அந்தத் தமிழ் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. முதலில், "கூகுள் அல்காரிதம் மாறிவிட்டது அக்கா, பொறுமையாக இருங்கள்" என்றார். அடுத்து, "உங்கள் தளம் மெதுவாகத் திறக்கிறது, அதைச் சரிசெய்ய இன்னும் 6,000 ரேண்ட் ஆகும்." அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல நிறக் குறி மட்டும் விழும், பதில் வராது. தொலைபேசியில் அழைத்தால் வேறொருவர் ஆங்கிலத்தில், அந்தப் பிள்ளை வேலையை விட்டுப் போய்விட்டார், உங்கள் கோப்பை நான் இன்னும் பார்க்கவில்லை என்பார். அதே "பிள்ளை"தான் போன வாரம் சேலைக் கடையில் விபூதி பூசிக்கொண்டு நின்றவர்! அலுவலகம் என்று கொடுத்த முகவரிக்கு என் கணவர் போனார். தபால் வாங்கி வைக்கும் வாடகைப் பெட்டிதான் இருந்தது. கடைசியில் ஒரு மேலாளர் பேசினார். ஒப்பந்தத்தில் "முயற்சி செய்வோம்" என்றுதான் இருக்கிறது, முதல் பக்கம் என்று எங்கும் எழுதவில்லை, பன்னிரண்டு மாதம் முடியாததால் மீதி 24,000 ரேண்டையும் நீங்கள் கட்ட வேண்டும் என்றார். எடுத்த 24,000 போதாது, இன்னொரு 24,000!

தைப்பூசத்துக்குக் கொஞ்சம் முன்னால் சர்ச் கன்சோலில் கூகுளின் அறிவிப்பு வந்தது. மேனுவல் ஆக்‌ஷன். இயல்புக்கு மாறான இணைப்புகள் என்று காரணம். கூகுள் ஊழியர் ஒருவரே பார்த்து எடுக்கும் நடவடிக்கை அது. இத்தனை வருடமாக எங்களைத் தேடி வந்த லெனேசியா ஆட்கள்கூட எங்கள் தளத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தொலைபேசியில் அழைத்து, "கடையை மூடிவிட்டீர்களா?" என்று கேட்டார்கள். காவடிக்கு வரவழைத்து வைத்த மயிலிறகு அப்படியே பெட்டியில் இருக்கிறது.

இப்போது தம்பி மகன் படிப்பை விட்டுவிட்டு அந்த அசுத்தத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறான். சர்ச் கன்சோலில் வெளி இணைப்புகளின் பட்டியலை இறக்கி, எடுத்துவிடும்படி ஒவ்வொரு தளத்துக்கும் எழுதி, எடுக்காதவற்றை வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுதி, டிஸ்அவோ என்ற கருவி வழியாக, "இவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள்" என்று கூகுளுக்கு அனுப்பி, பிறகு மறுபரிசீலனை கேட்டிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. தளத்தின் இணைய முகவரிப் பெயரின் (டொமைன்) உரிமையை நிறுவனம் தன் பெயருக்கு மாற்ற முயன்றதையும் அவன்தான் பார்த்துத் தடுத்தான்.

சட்டம் பற்றித் தெரிந்துகொண்டதை அவசரமாகச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இப்படிக் குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தத்தை 20 வேலை நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்து முடித்துக்கொள்ளலாம். நியாயமான ஒரு தொகை கேட்கலாமே தவிர மீதி மாதங்கள் முழுவதையும் தண்டமாக வாங்க முடியாது. இரண்டு தரப்பும் கம்பெனியாக இருந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது; எங்கள் கடை என் பெயரில் இருப்பதால் பொருந்துகிறது. சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நாமே போகலாம், ஆனால் 2019 முதல் 20,000 ரேண்ட்தான் உச்ச வரம்பு. 24,000-இல் 4,000-ஐ விட்டுக்கொடுத்தால்தான் அங்கே கேட்க முடியும். அவர்களிடம் போன என் சொந்தப் பணத்தில் 4,000 ரேண்டை நான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

கடைக்காரர்களே, உத்தரவாதம் என்று சொன்னால் அனுப்பிவிடுங்கள். எந்தச் சொல்லுக்கு முதல் பக்கம் என்பதை நீங்கள் சொல்லி எழுதி வாங்குங்கள், அவர்கள் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். தளத்தின் பெயர், கடவுச்சொல், சர்ச் கன்சோல் உரிமை மூன்றும் உங்கள் பெயரில் இருக்கட்டும். இணைப்பு எங்கிருந்து வருகிறது என்று மாதா மாதம் பட்டியல் கேளுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து அவர்களே மாதா மாதம் பணம் எடுத்துக்கொள்ளும் டெபிட் ஆர்டர் அனுமதியைக் கொடுக்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு 14 நாள் தவணை கொடுக்கும் கடிதம் நாளைக் காலை பதிவுத் தபாலில் போகிறது. சேலைக் கடை அக்கா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வேறு யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் அறிக்கைகளையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள், ரசீதோடு பத்திரமாக வையுங்கள், எனக்கும் தெரியப்படுத்துங்கள்.